கம்பெனியை விற்றவர் பங்கு சொல்கிறார்: சந்தா கட்டுமுன் ஒரு கணக்கு

மென்பொருள் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, நல்ல விலைக்கு விற்று, டிவியிலும் யூடியூபிலும் பொருளாதாரம் பேசி, ஒரு புத்தகமும் எழுதி, கடைசியில் ‘மாதம் நான்கு பங்கு சொல்கிறேன்’ என்று சந்தா வாங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பெங்களூர் ஒரு மணி நேரத் தொலைவு என்பதாலோ என்னவோ, ஓசூர் சிப்காட்டிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தச் சந்தாக்களுக்கு ஆள் அதிகம். தனி ஒருவரின் சேவையைப் பற்றியதல்ல இந்த விமர்சனம். இந்த வகைச் சேவை முழுவதையும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பணம் கட்டினால் கைக்கு என்ன வரும் என்ற கோணத்தில் பார்க்கிறது.

முதலில் அந்த வாழ்க்கைப் பாதை. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது அதுதான். அமெரிக்காவில் இதற்குப் பழைய உதாரணம் கார்ல் டென்னிங்கர். சிகாகோவில் எம்சிஎஸ்நெட் என்ற இணைய இணைப்புக் கம்பெனியை நடத்தி 1998இல் விற்றார். 2007 முதல் சந்தையைப் பற்றி எழுதினார். 2011இல் கடனைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஜேம்ஸ் ஆல்டுச்சர் 2007இல் ஸ்டாக்பிக்கர் தளத்தை தி ஸ்ட்ரீட் நிறுவனத்துக்குச் சுமார் ஒரு கோடி டாலருக்கு விற்றுவிட்டு எழுத்து, புத்தகம், சந்தாக் கடிதம் என்று போனவர். நம் பக்கத்தில் தீபக் ஷெனாய்: மென்பொருள் தொழில்முனைவராக இருந்து, கேப்பிட்டல்மைண்ட் தொடங்கி, புத்தகம் எழுதி, 2025இல் மியூச்சுவல் ஃபண்ட் வரை வந்திருக்கிறார்.

இப்படி ஒருவர் நன்றாகப் படிக்கக்கூடியது எது? வாடிக்கையாளர் பணம் எத்தனை நாளில் வருகிறது, வருமானத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு காகிதம், நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போனால் லாபம் எங்கே அடிவாங்கும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை. ஐடி கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையில் வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறினால், மற்றவர்களுக்கு முன்னால் அவர் கண்ணில் படும். ஆனால் வங்கியின் வாராக்கடன், சர்க்கரை ஆலையின் சுழற்சி, மருந்து ஆலையின் அனுமதிச் சிக்கல் இவையெல்லாம் வேறு படிப்பு. அதனால் முதல் சோதனை சுலபம்: அவர் ஐடி பற்றி எழுதிய அறிக்கையை விட்டுவிட்டு, வங்கி ஒன்றைப் பற்றி எழுதியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் டெபாசிட் செலவு, கடன் தரம், மூலதன விகிதம் என்று எண்கள் இருக்கின்றனவா, இல்லை ‘இந்தியா வளர்கிறது’ என்ற பேச்சுதான் இருக்கிறதா என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கம்பெனியை விற்றவர் என்ற பெருமையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அவர் விற்றது வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் வாங்குகிறவர் தேடி வந்தபோது. சந்தாக்காரருக்கு அவர் விற்கச் சொல்ல வேண்டியதோ வருடத்துக்கு நாற்பது ஐம்பது முறை, பலமுறை நஷ்டத்தில். பூவைப் பார்த்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுக்க மாம்பழ ஊரில் ஆள் குறைவில்லை. காய் உதிரும்போது என்ன செய்கிறார் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். எனவே இந்தச் சேவைகளை வாங்கச் சொன்ன பங்குகளை வைத்து மதிப்பிடக் கூடாது. வெளியேறச் சொன்ன கடிதங்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

நல்ல வெளியேற்றக் கடிதம் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் போதும். என்ன காரணத்துக்காக வாங்கச் சொன்னோம், அந்தக் காரணத்தில் எது மாறியது, எந்த விலைக்குக் கீழே விற்க வேண்டாம், ஒரு வருடம் ஆக (அதன் பிறகு வரி குறைவு) இன்னும் சில நாட்களே இருந்தால் வரிக்காகக் காத்திருக்கலாமா, வரும் பணத்தை எங்கே வைப்பது. இந்த ஐந்தும் இருந்தால் அந்த ஆள் வேலை செய்கிறார் என்று பொருள். மோசமானது எப்படி இருக்கும் என்றால், கடிதமே இருக்காது. மார்ச் பட்டியலில் ‘வாங்கு’ என்றிருந்த பங்கு ஜூனில் ‘வைத்திரு’ ஆகும், செப்டம்பரில் பட்டியலிலேயே இருக்காது. கட்டுவதற்கு முன் ‘நஷ்டத்தில் வெளியேறிய கடைசி மூன்று பங்குகளின் கடிதம் வேண்டும்’ என்று மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்தால் அந்தப் பதிலைப் படியுங்கள். வராவிட்டால் அதுவும் பதில்தான்.

நம்மூர் உதாரணம் ஒன்றையே வைத்துச் சோதிக்கலாம். போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதே மாதத்தில் 150 ரூபாயைத் தாண்டியது. நவம்பரில் வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியது. ஆலை நம் பக்கம் என்பதால் இந்த வட்டாரத்தில் வாங்கியவர்கள் பலர். அந்த மூன்று மாதத்தில், நீங்கள் சந்தா கட்ட நினைக்கும் பங்கு விமர்சகர் என்ன எழுதினார் என்று தேதியோடு பாருங்கள். தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சரி, 140இல் விற்கச் சொல்லியிருந்தாலும் சரி, 120இல் வாங்கிப் பிறகு தப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் சரி, எழுத்தில் இருக்க வேண்டும். ஏறும்போது மட்டும் வீடியோ போட்டிருந்தால் சந்தாவை மறந்துவிடலாம்.

இனிப் பணக் கணக்கு. பலர் இதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. சந்தா வருடத்துக்கு 12,000 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 14,160. முதலீடு 10 லட்சம் என்றால் இது 1.4 சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளலாம். 3 லட்சம் என்றால் 4.7 சதவீதம். 1 லட்சம் என்றால் 14 சதவீதத்துக்கு மேல், அதாவது பங்கு 14 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் அப்படியே திரும்பும். ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், விநியோகஸ்தர் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் திட்டத்தில் அதே 1 லட்சத்துக்கு வருடச் செலவு சுமார் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

3 லட்சம் போட்டவரை எடுத்துக்கொள்வோம். 20 பங்குகள், ஒவ்வொன்றிலும் 15,000. மாதம் நான்கு பங்கு வெளியே, நான்கு பங்கு உள்ளே. விற்பது 60,000, வாங்குவது 60,000. பங்குப் பரிவர்த்தனை வரி இரு பக்கமும் 0.1 சதவீதம், அதாவது 120 ரூபாய். வாங்கும் பக்கம் முத்திரை வரி 0.015 சதவீதம், 9 ரூபாய். விற்கும் ஒவ்வொரு பங்குக்கும் டீமேட் (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) கட்டணம் 15 ரூபாய் வாக்கில், நான்குக்கு 60. தரகே இல்லை என்றாலும் மாதம் 190 ரூபாய்க்குப் பக்கம், வருடத்துக்கு 2,280. சின்னத் தொகைதான். பெரிய அடி வருமான வரியில் இருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் ஒரு வருடத்துக்குள் விற்ற பங்கு லாபத்துக்கு 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. அந்த வருடம் 15 சதவீதம், அதாவது 45,000 லாபம் வந்து, அத்தனையும் குறுகிய காலம் என்றால், மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியவருக்கு வரி 9,360. சந்தாவை இந்த லாபத்தில் கழிக்க முடியாது, பரிவர்த்தனை வரியையும் கழிக்க முடியாது.

ஆக 45,000இல் 14,160, 2,280, 9,360 மூன்றும் போக மிச்சம் 19,200. பட்டியலில் 15 சதவீதம் என்று போட்டிருக்கும், கையில் 6.4 சதவீதம். தபால் நிலையத்து ஐந்தாண்டு டெபாசிட் 2025இல் 7.5 சதவீதம் கொடுத்தது. அதற்கும் வரி உண்டு, ஆனால் தூக்கம் கெடாது. அதே பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரியே இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மாதா மாதம் மாற்றச் சொல்கிற சேவை நல்ல பங்கைச் சொன்னாலும் வரியில் தின்றுவிடும். ஃபண்ட் மேலாளர் ஃபண்டுக்குள்ளேயே விற்று வாங்கினால் முதலீட்டாளருக்கு அப்போது வரி இல்லை. நாமே டீமேட்டில் அதைச் செய்தால் ஒவ்வொரு விற்பனையும் கணக்கில் வரும். ஒருவர் சந்தாவும் ஃபண்டும் இரண்டும் நடத்துகிறார் என்றால், சின்ன முதலீட்டுக்காரர் ஃபண்ட் பக்கம் போவதே மேல்.

டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் ஓசூரில் ஆலை போட்டு வளர்ந்த கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மாதம் நான்கு பங்கை மாற்றும் சந்தாவில் அப்படி ஒரு பங்கு எத்தனை மாதம் தங்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

விளம்பர லாபத்துக்கும் உங்கள் லாபத்துக்கும் இடைவெளி வர இன்னொரு காரணம் வாங்கும் விலை. கடிதம் ஞாயிறு இரவு வருகிறது, பட்டியலில் வெள்ளிக்கிழமை முடிவு விலை போட்டிருக்கிறது. சிறிய கம்பெனி ஒன்றில் தினசரி வியாபாரமே 50 லட்சம்தான் என்று வையுங்கள். 3,000 சந்தாதாரர்கள் ஆளுக்கு 15,000 போட்டால் 4.5 கோடி. ஒன்பது நாள் வியாபாரத்தை ஒரே காலையில் வாங்கப் பார்க்கிறார்கள். திங்கள் 9.15க்குப் பங்கு 5 சதவீத மேல் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பில் நிற்கும், விற்க ஆள் இருக்காது. புதன்கிழமை கிடைக்கும்போது விலை 10 சதவீதம் மேலே. விற்கும் நாளில் இதே கதை தலைகீழாக நடக்கும். இதற்காகத்தான் ‘இந்த விலைக்கு மேல் வாங்காதே’ என்ற வரம்பு கடிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாமே விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள், கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் கூடவே கூடாது. கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உண்மையான லாபத்தைப் பார்க்க எக்ஸெல் போதும். ஒரு பத்தியில் தேதி, பக்கத்துப் பத்தியில் தொகை. போட்ட பணம், சந்தா, வரி எல்லாவற்றுக்கும் கழித்தல் குறி. எடுத்த பணமும் இன்றைய மதிப்பும் கூட்டல். எக்ஸ்ஐஆர்ஆர் சூத்திரம் போட்டால் வருடச் சதவீதம் வரும். பலர் சந்தாத் தொகையை இதில் சேர்ப்பதில்லை, அங்கேதான் கணக்கு பொய்யாகிறது. ஒப்பிட வேண்டியது நிஃப்டி 500இன் டிவிடெண்ட் சேர்ந்த குறியீட்டோடு. டிவிடெண்ட் சேராத நிஃப்டி 50 விலையோடு ஒப்பிட்டு ‘சந்தையை வென்றோம்’ என்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தங்களுக்குச் சலுகை கொடுத்துக்கொள்கிறார்கள்.

ஓசூர் ஆலைகளில் முதல் ஷிஃப்ட் போகிறவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. சந்தை 9.15 முதல் 3.30 வரை; பல இடங்களில் ஃபோன் லாக்கரில் இருக்கும். காலை 11 மணிக்கு ‘உடனே வெளியேறு’ என்று வரும் செய்தியை மூன்று மணிக்குப் பார்த்து என்ன பயன்? இவர்கள் இரவில் கடிதம் அனுப்பும் சேவையை மட்டும் எடுக்கலாம். மாலையிலேயே ஏஎம்ஓ ஆர்டர் (சந்தை மூடிய பின் போடுவது, மறுநாள் சந்தைக்குப் போகும்) போட்டுவைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். விலை வைத்து விற்பதற்கு, அந்த விலை வந்ததும் தானாகப் போகும் ஜிடிடி ஆர்டர் இருக்கிறது. பகல்நேர டிப்ஸ் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம்) டிப்ஸ் என்றால் அதைவிட வேண்டாம். 2024-25இல் அதில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் சொந்த ஆய்வே சொல்கிறது.

விற்கும் நாளில் இன்னொன்றும் கவிழ்க்கும்: நம் பங்குகளை மின்னணுவில் காத்துவைக்கும் சிடிஎஸ்எல்லின் டி-பின். விற்க அனுமதி கொடுக்க இந்த எண்ணும் ஓடிபியும் வேண்டும். சிம் மாற்றி டீமேட்டில் பழைய எண்ணே இருந்தால் ஓடிபி வேறெங்கோ போகும், பங்கு விற்காது. முதல் பங்கு வாங்குவதற்கு முன்பே மொபைல் எண்ணைச் சரிசெய்துவிடுங்கள், அல்லது தரகரிடம் டிடிபிஐ என்ற விற்பனை அனுமதிப் படிவத்தை ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் டி-பின் கேட்காது.

மாந்தோப்பு, தக்காளி, பூ, பட்டுக்கூடு என்று பருவ வருமானம் உள்ளவர்களுக்கு இந்தச் சேவைகள் பொருந்துவது குறைவு. எல்லாத் திட்டமும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போட்டது. மாங்காய்ப் பணம் ஜூலைக்குள் மொத்தமாக வரும். அதை ஒரே நாளில் 20 பங்கில் கொட்டிவிட்டு அடுத்த உரச் செலவுக்கு நஷ்டத்தில் விற்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தோப்புச் செலவுக்கான பணம் லிக்விட் ஃபண்டிலோ (சீக்கிரம் எடுக்கக்கூடிய குறுகியகாலக் கடன் ஃபண்ட்) வங்கியிலோ இருக்கட்டும். ஐந்து வருடம் தொட வேண்டாத பணம் மட்டும் பங்குக்கு.

சட்டப்படி பார்க்க வேண்டியவை. பங்கு சொல்லிக் காசு வாங்குகிறவர் செபியில் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிந்திருக்க வேண்டும். எண் ஐஎன்ஹெச் என்று தொடங்கும், பின்னால் ஒன்பது இலக்கம். உங்கள் சொந்த நிலைமையைப் பார்த்து ஆலோசனை சொல்கிறவரின் எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். ஏஆர்என் எண் காட்டினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், பங்கு சொல்ல அது போதாது. செபி தளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘நான் பாடம்தான் எடுக்கிறேன்’ என்கிறவருக்கும் 2025 ஜனவரியில் கடிவாளம் வந்துவிட்டது: பதிவில்லாமல் பாடம் மட்டும் நடத்துகிறவர் கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பங்கின் பெயர் சொல்லக் கூடாது.

தனிநபர் குடும்பத்திடம் ரிசர்ச் அனலிஸ்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் வருடத்துக்கு 1,51,000. முன்பணம் ஒரு வருடத்துக்கு மேல் வாங்க முடியாது. ‘வாழ்நாள் சந்தா’ என்று யாராவது விற்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணம் விகிதப்படி திரும்ப வர வேண்டும். ‘ரீஃபண்ட் இல்லை’ என்று கடிதத்தில் அச்சிட்டிருந்தாலும் விதி இதுதான். தான் சொல்லும் பங்கில் தனக்கு முதலீடு உண்டா என்று அவர் அறிக்கையில் எழுத வேண்டும். அறிக்கைக்கு 30 நாள் முன்னும் 5 நாள் பின்னும் அந்தப் பங்கைத் தன் கணக்கில் அவர் தொடக் கூடாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பது இதுதான், முதலில் அதைப் படியுங்கள்.

பணம் கட்டும்போது பதிவான பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்றவர்களுக்கு ‘@valid’ என்று வரும் யுபிஐ முகவரி வந்திருக்கிறது. பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியும். தனிநபர் ஜிபே எண் கொடுத்தால் கட்டாதீர்கள். பிரபல விமர்சகரின் படத்தைப் போட்டு டெலிகிராமில் ‘விஐபி குரூப்’ நடத்துவது பெரும்பாலும் வேறு யாரோதான். ‘அண்ணா, இந்தக் கணக்குக்குப் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க’ என்று தமிழில் அன்பாகப் பேசுவார்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். தாமதமானால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும். பதிவு பெற்றவரே தகராறு செய்தால் முதலில் அவருக்கு எழுத்தில் புகார், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளம். அங்கே பதில் சொல்ல 21 நாள் கெடு. அதிலும் தீராவிட்டால் ஆன்லைனில் தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளம்.

தமிழ்ச் சுருக்கம் என்று வரும் வாய்ஸ் நோட்டுகளை நம்ப வேண்டாம். ஆங்கில அறிக்கையில் ‘இந்த விலைக்கு மேல் வேண்டாம், முதலீட்டில் 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்’ என்று இருக்கும். சுருக்கத்தில் பங்கின் பெயர் மட்டும் மிஞ்சும். ஆங்கிலம் தடுமாறினால் பக்கத்தில் படித்த பிள்ளைகளிடம் அந்த இரண்டு வரியை மட்டுமாவது கேட்டுக்கொள்ளலாம்.

புத்தகம் எழுதியிருக்கிறார் என்றால் அதை முதலில் படிப்பதே லாபம். சில நூறு ரூபாய்க்கு முடிந்துவிடும். தருமபுரி புத்தகத் திருவிழாவில் தள்ளுபடியிலும் கிடைக்கும். வெளியான வருடத்தைப் பாருங்கள், அதில் புகழ்ந்த கம்பெனிகள் அதற்குப் பிறகு என்ன ஆயின என்று விலைப் படத்தில் பாருங்கள். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு சொன்ன உதாரணங்கள் எத்தனை, முன்னால் நின்று சொன்னவை எத்தனை என்று பென்சிலால் குறித்தால், பாதிப் புத்தகத்திலேயே ஆளைப் பிடித்துவிடலாம். பத்து லட்சத்துக்குக் கீழே முதலீடு உள்ளவருக்கு இந்தப் புத்தகமும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டும் போதும் என்பதே இங்கே தீர்ப்பு. அதற்கு மேல் உள்ளவர், பங்கை ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிற, வெளியேற்றக் கடிதம் ஒழுங்காக எழுதுகிற சேவை கிடைத்தால் ஒரு வருடம் எடுத்துப் பார்க்கலாம்.

எடுத்தால், கட்டிய அன்றைக்கே, அடுத்த சந்தாவைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோபே-யை நிறுத்திவிடுங்கள். 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. மேலே பார்த்த 14,160 அதற்குள் அடங்குகிறது. 24 மணி நேரம் முன்னால் ஒரு அறிவிப்பு வரும். நூறு விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அது போய்விடும். யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் தொட்டு, ரத்து செய்து பின் எண் போட்டால் முடிந்தது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியின் தளத்தில் இ-மேண்டேட் பக்கத்தில் இதே வேலை. ரத்து செய்தாலும் கட்டிய வருடம் முழுக்கக் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கும்.